ஒத்த வேஷம் தரிக்க மறுத்த விவசாயி

நம் சபைகளில் சிலுவை என்ற சொல் வெகு தாராளமாகப் புழங்குகிறது. தீராத மூட்டுவலி, குடிகாரக் கணவன், வாடகை தராமல் இழுத்தடிக்கும் குடித்தனக்காரர் என எல்லாமே "ஆண்டவர் எனக்குக் கொடுத்த சிலுவை" ஆகிவிடுகின்றன. துன்பத்தைத் தாங்கிக்கொள்ள அந்தப் பேச்சு சிலருக்கு உதவுகிறது என்பதால் அதைக் குறைசொல்ல மனம் வருவதில்லை. அடிபடும் மனைவியை வாய்மூடி இருக்கச் சொல்வதற்கும் அதே பேச்சு பயன்பட்டிருக்கிறது என்பதால் சும்மா விடவும் மனம் வருவதில்லை. "ஒருவன் என்னைப் பின்பற்றி வர விரும்பினால், அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்" என்றுதான் மத்தேயு சுவிசேஷத்தில் இருக்கிறது. விரும்புகிறவன் எடுத்துக்கொள்வது அந்தச் சிலுவை. எடுத்துக்கொண்டதை இறக்கி வைக்கவும் முடியும். மூட்டுவலியை அப்படி இறக்கி வைக்க முடியாது. சீஷத்துவத்தில், அதாவது இயேசுவைப் பின்பற்றி வாழ்வதில், தியாகம் என்பது என்ன என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, ஐந்து மாதத்துக்கும் மேலான சிறைவாசத்தில் எந்த நாளும் ஒரே ஒரு சம்மதத்தினால் தன் சிலுவையை இறக்கி வைத்திருக்கக்கூடிய ஓர் ஆஸ்திரிய விவசாயியின் வரலாறு அதற்கு உதவும்.

அவர் பெயர் பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். 1907ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி, ஜெர்மனியின் பவேரிய எல்லையை ஒட்டிய சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் ஒரு பண்ணை வேலைக்காரி, தந்தையும் கூலியாள். கல்யாணம் செய்துகொள்ளக்கூட வசதியில்லாத இருவருக்கும் மணமுறையின்றிப் பிறந்த பிள்ளை. தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். பாட்டியிடம் வளர்ந்த சிறுவனுக்கு, 1917இல் தாயை மணந்த விவசாயி தன் குடும்பப் பெயரையும் பிற்பாடு தன் நிலத்தையும் கொடுத்தார். வாலிபத்தில் பிரான்ஸ் சண்டை சச்சரவுகளுக்குப் பெயர்போனவர். இரும்புச் சுரங்கத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஊரிலேயே முதல் மோட்டார் சைக்கிளோடு திரும்பி வந்தார். மணத்துக்கு வெளியே அவருக்கும் ஒரு மகள் பிறந்தாள். புனிதர் வரலாறுகளில் வழக்கமாக வரும், தொட்டிலிலேயே ஜெபித்த குழந்தை அல்ல இவர். 1936இல் பெரிய வியாழனன்று பிரான்சிஸ்காவை மணந்து, புதுமணத் தம்பதியராக ரோமாபுரிக்குப் போய் வந்த பிறகுதான் அவருடைய பக்தி ஆழப்பட்டது. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள். வேதத்தை வாசித்தார், வயலில் உழுதார், பிற்பாடு ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளையாகவும் ஊழியம் செய்தார்.

1938 தொடக்கத்தில் அவர் ஒரு கனவு கண்டார். மலையைச் சுற்றி வரும் அழகான ஒரு ரயில். பெரியவர்கள் மட்டுமல்ல, குழந்தைகளும் அதில் ஏற ஓடுகிறார்கள். ஏறாமல் நிற்பவர்கள் மிகச் சிலரே. "இந்த ரயில் நரகத்துக்குப் போகிறது" என்று ஒரு குரல் கேட்கிறது. அது நாஜிக் கட்சியைப் பற்றிய எச்சரிக்கை என்று அவர் புரிந்துகொண்டார். கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த ரயிலின் அழகு. தவறான பாதை அருவருப்பாக வந்து நின்றால் ஏறுகிறவன் எவனும் இருக்கமாட்டான். வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த ஆஸ்திரியாவுக்கு அந்த ரயில் சம்பளமாகவும், குழந்தைகளுக்கு உதவித்தொகையாகவும், தேச மானமாகவும் வந்து நின்றது.

அந்த ஆண்டு மார்ச்சில் ஜெர்மானியப் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. ஜெர்மனியோடு இணைவதற்கு ஆதரவாக வாக்களிக்கும்படி ஆஸ்திரிய ஆயர்களே அறிக்கை விட்டார்கள்; அதனுடன் அனுப்பிய கடிதத்தில் வியன்னாவின் கர்தினால் இன்னிட்சர் "ஹெயில் ஹிட்லர்" என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டார். ஏப்ரல் 10ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சம்மதம் என்று அரசு அறிவித்தது. சாங்க்ட் ராடெகுண்டில் எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர், யேகர்ஷ்டேட்டர். ஆனால் ஊரே ஒருமனதாகச் சம்மதித்தது என்றுதான் முடிவு மேலிடத்துக்குப் போனது. ஹிட்லர் பிறந்த பிரௌனாவ் இருக்கும் அதே மாவட்டத்து ஊர் அது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு வாக்கை ஊர்ப் பெரியவர்கள் ஏன் விழுங்கினார்கள் என்பதும் புரியும். அவரைக் காப்பாற்றவும் அது உதவியிருக்கும்.

பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்ற சொற்கள் வருகின்றன. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே வேஷம் என்ற சொல்லை எடுத்தது அருமையான தேர்வு. கிரேக்க மூலத்தில் இருப்பது புறவடிவத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த வினை. ஒரு அச்சில் வார்த்ததுபோல் சுற்றியிருப்பதன் வடிவத்தை மேற்கொள்வது என்பது அதன் கருத்து. பிரபஞ்சம் என்று மொழிபெயர்க்கப்பட்ட சொல்லுக்கு யுகம், காலம் என்று பொருள். ஆகவே பவுல் எச்சரிப்பது மண்ணையும் மரத்தையும் சோற்றையும் கல்யாணத்தையும் பற்றியல்ல. ஒரு காலம் தன் மக்களுக்குத் தைத்துக் கொடுக்கும் வேஷத்தைப் பற்றி. பிற்கால மொழிபெயர்ப்பில் இது உலகத்தின் போக்கு என்று மாறியது. தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் வேஷம் என்ற சொல்லில் இருந்த கூர்மை போய்விட்டது. வேஷம் கட்டுகிறவனுக்குத் தான் கட்டியிருப்பது வேஷம் என்று தெரியும். ஊரில் எல்லோரும் அதையே கட்டியிருந்தால்தான் அது மறந்துபோகும்.

உலகத்தை வெறுப்பது என்றால் சினிமாவுக்குப் போகாமலிருப்பதும், நகை போடாமலிருப்பதும், வெள்ளைச் சேலை உடுத்துவதும் என்று நம்மில் பலர் பழக்கப்பட்டிருக்கிறோம். அந்த ஒழுங்குகளுக்கு அவற்றுக்குரிய இடம் உண்டு. ஆனாலும் உலகம் நம்மை உண்மையாகவே பிடித்துக்கொள்வது பாவம் என்ற பெயரில் அல்ல, கடமை என்ற பெயரில்தான். யேகர்ஷ்டேட்டர் மறுத்தவற்றைப் பாருங்கள். ஊர்த் தலைவர் பதவியை ஏற்கும்படி கேட்டபோது மறுத்தார். குழந்தைகளுக்காக அரசு கொடுத்த உதவித்தொகையை வாங்கவில்லை. கட்சிக்காக நடந்த வசூல்களுக்குக் காசு போடவில்லை. இவற்றில் எதுவும் பார்வைக்குப் பாவமாகத் தெரிவதில்லை. எல்லாமே நல்ல குடிமகனும் பொறுப்புள்ள தகப்பனும் செய்கிற காரியங்கள். அந்தப் பணத்தை வாங்கினால் அதைக் கொடுக்கிற கைக்கும் தான் கடன்பட்டவராவோம் என்று அவர் கணக்குப் போட்டார். மூன்று குழந்தைகள் இருக்கும் ஒரு சிறு பண்ணையில் அது சின்னக் கணக்கு அல்ல.

படைக்கான அழைப்பு முதலில் 1940இல் வந்தது. போனார், சத்தியப் பிரமாணமும் செய்தார், என்ஸ் நகரில் வண்டியோட்டப் பயிற்சியும் பெற்றார். ஊர்த் தலைவரின் தலையீட்டினால், விவசாயத்துக்குத் தேவையானவர் என்று 1941 ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய முடிவு ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கியதுபோல் ஆகிவிடும். பாசறையில் கண்டதும், மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசே கொன்றுகொண்டிருந்த செய்தியும் சேர்ந்துதான் அவரைத் திருப்பின. இனி அழைத்தால் போவதில்லை என்று ஊரில் வெளிப்படையாகவே சொன்னார். ரஷ்யாவின்மீது நடக்கும் போர் கடவுளற்ற பொதுவுடைமைக்கு எதிரான புனிதப் போர் என்று பிரசங்கங்களிலும் வானொலியிலும் சொல்லப்பட்ட காலத்தில், தாதுப்பொருள்களுக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் நல்ல விளைநிலத்துக்கும் ஆசைப்பட்டா, அல்லது ஆத்துமாக்களைக் காப்பாற்றவா இந்தப் படையெடுப்பு என்று தன் நோட்டுப் புத்தகத்தில் கேட்டு எழுதினார். எட்டு வகுப்புகளே படித்த விவசாயி அவர். இறையியல் பேராசிரியர்கள் கேட்கத் தயங்கிய கேள்வி அது.

தன் முடிவு சரியா என்று அவர் தனியாக உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளவில்லை. குருக்களிடம் போனார். சாங்க்ட் ராடெகுண்டின் பங்குக்குருவான ஃபெர்டினாண்ட் காரோபாத், நாஜிகளுக்கு எதிராகப் பிரசங்கித்ததற்காக 1940இல் கைதாகிப் பங்கிலிருந்தே அப்புறப்படுத்தப்பட்டவர். அவரும்கூட யேகர்ஷ்டேட்டரின் உயிரைக் காப்பாற்ற எண்ணி வாதாடிப் பார்த்தார், வாதத்தில் தோற்றார். கடைசியில் லின்ஸ் மறைமாவட்ட ஆயர் யோசப் ஃப்ளீசரைப் பார்க்க யேகர்ஷ்டேட்டர் மனைவியோடு போனார். பிரான்சிஸ்கா வெளியே காத்திருந்தார். அரசின் போர் நியாயமா அநியாயமா என்று தீர்ப்பது ஒரு சாதாரணக் குடும்பத் தலைவனின் வேலையல்ல, அவனுடைய பொறுப்பு மனைவி மக்களே என்பதுதான் ஆயரின் ஆலோசனையின் சாரம். வெளியே வந்த கணவரின் முகம் வாடியிருந்தது என்று பிரான்சிஸ்கா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வாய்திறந்தால் தங்களுக்கும் ஆபத்து என்று ஆயர் பயப்படுகிறார் என யேகர்ஷ்டேட்டர் எண்ணினார். தன்னை அரசாங்க ஒற்றன் என்று சந்தேகித்திருப்பாரோ என்றும் தோன்றியிருக்கிறது. ஆயரைக் கோழை என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது எளிது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மூன்று குழந்தைகளின் தகப்பன் எதிரே உட்கார்ந்து, நான் சாகலாமா என்று கேட்கும்போது, சாகலாம் என்று சொல்லும் துணிவு எந்த மேய்ப்பனுக்கு வரும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் ஆயர் அவருக்குக் கொடுத்த பதில் கேட்ட கேள்விக்கான பதில் அல்ல. இந்தப் போரில் கொல்வது பாவமா என்று அவர் கேட்டார். அது உன் கவலையல்ல என்று ஆயர் சொன்னார்.

அவரிடம் எல்லோரும் எடுத்துக்காட்டிய வசனம் "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்பது. அது ரோமர் பதின்மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனம். வேஷந்தரியாதிருங்கள் என்ற கட்டளை அதே நிருபத்தில் அதற்கு முந்தின அதிகாரத்தின் இரண்டாம் வசனம். இடையில் ஒரு பக்கம்கூட இல்லை. பதின்மூன்றைச் சொல்லிப் பன்னிரண்டை மறைப்பது நெடுங்காலப் பழக்கம். பவுல் முதலில் சொல்வது, மனம் புதிதாகி, தேவனுடைய சித்தம் இன்னதென்று பகுத்தறிய வேண்டும் என்பதை. அப்படிப் பகுத்தறிந்த மனிதன்தான் அடுத்த அதிகாரத்தில் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிகிறான். பகுத்தறிவதை மேலதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழ்ப்படிவதை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் கிறிஸ்தவனைப் பற்றிப் பவுல் அங்கே பேசவில்லை. யேகர்ஷ்டேட்டர் வரி கட்டினார், நிலம் உழுதார், விளைச்சலை ஒப்படைத்தார். கீழ்ப்படியாத இடம் ஒன்றுதான்.

மீண்டும் அழைப்பு வந்தபோது, 1943 மார்ச் 1ஆம் தேதி என்ஸ் பாசறைக்குச் சென்று, ஆயுதம் ஏந்திப் போரிட மறுப்பதாக அறிவித்தார். மறுநாளே லின்ஸ் இராணுவச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யும் மருத்துவப் பிரிவில் சேரத் தயார் என்று அங்கே தெரிவித்தார். மரணத்தைத் தேடிப் போனவர் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாழ வழி ஏதாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள ஆயத்தமாகவே இருந்தார். கொல்வதைத் தவிர்த்த ஒரு வழியாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. மே மாதம் பெர்லினின் டேகல் சிறைக்கு மாற்றப்பட்டார்.

சிறையிலிருந்த அவருக்கு வீட்டிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மூன்று சிறுமிகள் வரிசையாக நிற்கிறார்கள். மூத்தவளுக்கு ஐந்து வயது. அவர்கள் பிடித்திருக்கும் அட்டையில் "அன்புள்ள அப்பா, சீக்கிரம் வாருங்கள்" என்று எழுதியிருக்கிறது. சீஷத்துவத்தைப் பற்றி எழுதுகிற எவரும் இந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. "தன் தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும்" வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று லூக்கா சுவிசேஷத்தில் வரும் வசனத்தை நாம் பிரசங்க மேடையில் மென்மையாக்கிச் சொல்கிறோம். வெறுப்பு என்பது எபிரெய வழக்கில் இரண்டாம் இடத்தில் வைப்பதைக் குறிக்கும் என்று விளக்கம் கொடுக்கிறோம். விளக்கம் சரிதான். ஆனால் இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்ட பிள்ளைகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த விளக்கம் எவ்வளவு பாரம் தாங்கும்? பிள்ளைகளுக்காக உயிரோடிருப்பது தகப்பனின் முதல் கடமை என்று எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு தகப்பன் தேவனுக்கு விரோதமாகப் பாவம் செய்யலாமா, கொல்லப்படும் ரஷ்யக் குடும்பங்களில் பிள்ளைகள் இல்லையா என்பதே அவருடைய யோசனையாக இருந்தது.

பிரான்சிஸ்காவின் நிலை இன்னும் கடினம். தொடக்கத்தில் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று அவரும் கெஞ்சியிருக்கிறார். சுற்றியிருந்த எல்லோரும் கணவரை ஏசத் தொடங்கியபோது, தானும் அவர் பக்கம் நிற்காவிட்டால் அவருக்கு ஒருவருமே இருக்கமாட்டார்கள் என்று அந்தக் கெஞ்சலை நிறுத்திக்கொண்டார். தியாகம் செய்தவர் ஒருவர் என்று சொல்வது வசதியான சுருக்கம். ஆகஸ்டு மாதத்தில் கொல்லப்பட்டதோடு கணவருடைய துன்பம் முடிந்துவிட்டது. மனைவிக்குத் தொடங்கியது அப்போதுதான். கணவனைச் சாகவிட்ட பக்திப் பைத்தியம் என்று ஊர் அவரைப் பழித்தது. போர் முடிந்த பிறகும் விதவை உதவித்தொகை மறுக்கப்பட்டு, 1950இல்தான் கிடைத்தது. தன்னலத் துறவைப் போற்றும் எழுத்துகள் பெரும்பாலும் அந்தத் துறவின் விலையை வேறு யார் கட்டினார்கள் என்று பார்ப்பதில்லை. பார்த்தால் போற்றுதல் கொஞ்சம் குறையலாம், மரியாதை கூடும்.

"தன்னைத்தான் வெறுத்து" என்று தமிழில் படிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல், பேதுரு இயேசுவை மறுதலித்தபோது வரும் அதே வினை. சேவல் கூவுகிறதற்கு முன்னே மூன்றுதரம் மறுதலிப்பாய் என்று சொன்ன அதே சொல்லால்தான், உன்னையே மறுதலி என்றும் இயேசு சொல்கிறார். தமிழில் ஒன்று வெறுத்தல் என்றும் மற்றது மறுதலித்தல் என்றும் ஆகிவிட்டதால் இந்தப் பிணைப்பு நம் காதில் விழுவதில்லை. வெறுத்தல் என்றதும் தன்னைத் தாழ்வாக நினைப்பது, உடலை வாட்டுவது, ஆசைகளை ஒடுக்குவது என்று எண்ணம் ஓடுகிறது. மறுதலித்தல் வேறு. அந்த மனுஷனை அறியேன் என்று பேதுரு சொன்னது வெறுப்பினால் அல்ல; அவரோடு தனக்குள்ள உறவின் உரிமையைக் கைவிட்டதால். நான் உயிர்வாழ வேண்டும், எனக்குப் பெயர் வேண்டும், என்னை ஊர் மதிக்க வேண்டும் என்று உள்ளே பேசிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்த்து, உன்னை அறியேன் என்று சொல்வதே தன்னை மறுதலிப்பது. யாரையாவது ஒருவரை அறியேன் என்று சொல்லித்தான் ஆகவேண்டிய கட்டத்தில், யாரைச் சொல்வது என்பதே கேள்வி. நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த முற்றத்தில் பேதுரு ஒரு விடை சொன்னார். பெர்லினில் இராணுவ நீதிபதிகளுக்கு முன் யேகர்ஷ்டேட்டர் மற்ற விடையைச் சொன்னார்.

அவர் டேகலில் இருந்த அதே மாதங்களில் அதே சிறையில் டீட்ரிக் பான்ஹெஃபர் என்ற லுத்தரன் போதகரும் அடைபட்டிருந்தார். சீஷனாக வாழாமலே எதிர்பார்க்கும் மன்னிப்பைக் குறிக்கும் மலிவான கிருபை என்ற சொற்றொடரினால் நம் வேதாகமக் கல்லூரிகளில் அறியப்பட்டவர். சீஷத்துவத்தைப் பற்றி 1937இல் அவர் எழுதிய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. அவர் தேர்ந்துகொண்டது வேறு வழி: இராணுவ உளவுத்துறைக்குள்ளேயே இருந்துகொண்டு ஆட்சிக்கு எதிரான சதியில் பங்கெடுத்தார். வேஷத்தைப் போட்டுக்கொண்டே எதிர்த்தவர் அவர். போட மறுத்து எதிர்த்தவர் இவர். இருவரில் யார் சரி என்ற விவாதம் சீஷர் கூட்டங்களில் சூடாக நடப்பதுண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்த படிப்பாளிக்குத் திறந்திருந்த கதவு ஒரு மலைநாட்டு விவசாயிக்குத் திறந்திருக்கவில்லை. அவரிடம் இருந்தது மாட்டேன் என்ற ஒரு சொல் மட்டுமே.

1943 ஜூலை 6ஆம் தேதி, படையின் வலிமையைக் குலைத்த குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. இதே காரணத்துக்காகப் பிரமாணம் செய்ய மறுத்த பிரான்ஸ் ரைனிஷ் என்ற குரு முந்தைய ஆண்டில் கொல்லப்பட்ட செய்தியைச் சிறைக்குரு ஒருவர் அவருக்குச் சொன்னார். உலகத்தில் தான் ஒருவன் மட்டும் இப்படி நினைக்கவில்லை என்று அறிந்தது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. விலங்கிட்ட கைகளோடு எழுதுவது, சித்தம் விலங்கிடப்பட்டிருப்பதைவிட மேலானது என்று அந்த நாட்களில் எழுதினார். ஆகஸ்டு 9ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. வயது முப்பத்தாறு. போருக்குப் போன மற்றவர்களை அவர் ஒருபோதும் குற்றவாளிகள் என்று சொன்னதில்லை.

அவருடைய அஸ்தி 1946இல் சொந்த ஊருக்கு வந்து கோயில் சுவரோரம் அடக்கம் செய்யப்பட்டது. அவரைப் பற்றி மறைமாவட்டப் பத்திரிகையில் வரவிருந்த கட்டுரையை ஆயர் ஃப்ளீசர் அதே ஆண்டில் அனுமதிக்கவில்லை. கடமையைச் செய்து போர்முனையில் மாண்ட கத்தோலிக்க இளைஞர்களே மேலான வீரர்கள் என்பது அவருடைய கருத்து. மகன்களைப் பறிகொடுத்த தாய்மார்கள் நிறைந்த மறைமாவட்டத்தில், உங்கள் பிள்ளைகள் மறுத்திருக்க வேண்டும் என்று மறைமுகமாகக்கூடச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். அந்தத் தயக்கத்தில் இரக்கமும் உண்டு, பழைய வேஷத்தின் மிச்சமும் உண்டு. மரண தண்டனைத் தீர்ப்பைப் பெர்லின் நீதிமன்றம் செல்லாததாக்கியது 1997இல்.

2007 அக்டோபர் 26ஆம் தேதி, லின்ஸ் பேராலயத்தில் அவர், கத்தோலிக்க சபையில் புனிதர் நிலைக்கு முந்தின படியான, முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். ஆஸ்திரியாவின் தேசிய நாள் அது. தொண்ணூற்று நான்கு வயதான பிரான்சிஸ்கா மகள்களோடு வந்திருந்தார். அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே நகரத்தில், ஆயரின் அறைக்கு வெளியே காத்திருந்தவர். கணவரின் உடல் எச்சமான திருப்பண்டம் இருந்த சிறு பேழை அவர் கைக்குக் கொடுக்கப்பட்டது. அதை முத்தமிட்டு, லின்ஸ் ஆயரிடம் ஒப்படைத்தார்.